ஹிப் ஹாப் இன்னும் உயிரோடு இருக்கிறதா? வடசிங்கப்பூரில் ஐந்து சனிக்கிழமைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் மாத இறுதியில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், முதல் நாற்பது இடங்களுக்குள் ஒரு ராப் பாடல்கூட இடம்பெறவில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை. செய்தி வெளியான சில நாள்களில், உட்லண்ட்ஸில் வசிக்கும் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, ஹிப் ஹாப் செத்துப்போச்சாமே, நம்ம கிளாஸ் இருக்கா இல்லையா?" என்று கேட்டிருந்தார். அவர் குறிப்பிட்டது, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வடபகுதிச் சமூக மன்றம் ஒன்றில் ஐந்து சனிக்கிழமைகள் நடத்துவதாக நான் ஒப்புக்கொண்டிருந்த தமிழ் ராப் பயிலரங்கை. கேள்வியில் பாதி கிண்டல், பாதி உண்மையான ஐயம். பதில் சொல்லாமல் பயிலரங்கை நடத்தி முடித்தேன். அங்கே கண்டதை வைத்து, சிங்கப்பூர்த் தமிழரிடையே இந்த இசை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆராய்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

மரணச் செய்தியின் முன்கதை

ஹிப் ஹாப்புக்கு இரங்கல் எழுதுவது இது முதல் தடவையன்று. 2006 டிசம்பரில் நியூயார்க் ராப் கலைஞர் நாஸ், ஹிப் ஹாப் இறந்துவிட்டது என்பதையே தலைப்பாக வைத்து ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பதினோர் ஆண்டு கழித்து 2017இல், ஆர் அண்ட் பி இசையோடு சேர்த்துக் கணக்கிடப்படும் ஹிப் ஹாப், அமெரிக்காவில் ராக் இசையை முந்தி அதிகம் கேட்கப்படும் இசைவகையாக முதன்முறை முதலிடம் பிடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு கென்ட்ரிக் லமார், மேலை மரபிசைக்கும் ஜாஸுக்கும் மட்டுமே அதுவரை சென்றுகொண்டிருந்த புலிட்சர் இசைப் பரிசைப் பெற்றார். 2025 பிப்ரவரியில் ஒரே பாடலுக்காக ஐந்து கிராமி விருதுகளை வென்று, ஒரு வாரத்தில் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியையும் நடத்தியவர் அவரே. எட்டு மாதம் கழித்துத்தான் அந்த நாற்பது இடங்களும் காலியாயின.

காலியானதற்கு ஒரு கணக்குக் காரணமும் உண்டு. நெடுநாள் நீடிக்கும் பாடல்களை முன்பைவிட விரைவாக விலக்கும் புதிய விதியைப் பில்போர்டு அப்போதுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. கென்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும் (SZA) பாடி, 13 வாரம் முதலிடத்தில் இருந்த பாடல் அந்த விதியால் வெளியேற, இடத்தை நிரப்ப வேறு ராப் பாடல் இல்லை. விதியை மட்டும் குறைகூறி விஷயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு பாடல் போனால் அடுத்தது தயாராக இல்லை என்பது ஒரு தளர்ச்சிதான். ஆயினும் இந்தப் பட்டியல் அளப்பது ஒரு பாடல் எவ்வளவு கேட்கப்படுகிறது, வாங்கப்படுகிறது என்பதை. இந்த இசை பிறந்த விதத்தைப் பார்த்தால் அந்த அளவுகோல் பொருந்துமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொதுக்கூடத்தில், சிண்டி கேம்பல் என்ற பெண் பள்ளி திறப்பதற்குப் புதிய உடை வாங்கப் பணம் சேர்க்க ஒரு விருந்து வைத்தார். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். பாடலில் பாட்டு நின்று மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஆட்டம் சூடுபிடிப்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தச் சில விநாடிகளைப் பல நிமிடமாக நீட்டினார். ராப் அந்த மேளத்தின்மேல் பிறகு வந்து அமர்ந்தது. அங்கே இருந்தவை அடுக்குமாடியின் கூடம், கடன் வாங்கிய ஒலி, கூடிநின்ற அண்டைவீட்டார் ஆகியவைதாம். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. சமயப் பாத ஊர்வலங்களில் இசைக்கருவிகள் வாசிப்பதற்குச் சிங்கப்பூரில் தடை வந்ததும் அதே 1973இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனாலும் அந்த ஆண்டைப் பின்னர் ஒருமுறை நினைவுகூர வேண்டியிருக்கும்.

பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்

நாஸ் இரங்கல் பாடிய அதே 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலை எடுத்து, அதன்மேல் தம் வரிகளைப் போட்ட பாடல் அதில் இருந்தது. பழைய தட்டிலிருந்து புதிய மேளம் எடுக்கும் ஹெர்க்கின் வேலையைத் தமிழ்ச் செவிக்கு விளங்கும்படி செய்து காட்டியது அந்தப் பாடல் என்பது என் கருத்து. தமிழ்த் திரையில் அதற்கு முன்பே ராப் இல்லாமல் இல்லை. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' அனைவரும் அறிந்தது. ஆனால் படத்தின் தயவின்றி, நாயகனின் வாயசைப்பின்றி, ஒரு தமிழர் தம் பெயரில் தம் கதையைச் சொல்லலாம் என்ற துணிவைச் சிங்கப்பூர் இளைஞருக்குக் கொடுத்தது சிராங்கூன் சாலைக் கடைகளில் கிடைத்த அந்த மலேசியக் குறுவட்டுதான். அப்போது நான் தேசிய சேவையில் இருந்தேன். முகாமில் என் படுக்கைக்கு எதிர்ப்படுக்கைக்காரர் அதை ஒரு மாதம் முழுவதும் போட்டுக் கேட்டார். எனக்கும் வேறு வழியில்லை.

தமிழகத்தில் ஹிப்ஹாப் தமிழா பெயர் பெற்றது அதற்குப் பின்னர்தான். 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. அக்குழுவின் அறிவு, 2021இல் தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட முன்னோரின் நினைவை உலகெங்கும் கொண்டுபோனது. சிங்கப்பூரிலிருந்தும் குரல்கள் எழாமல் இல்லை. லேடி காஷ் 2010இல் 'எந்திரன்' படத்தின் பாடல் ஒன்றில் ஒலித்தார். யங் ராஜா 2018இல் தேக்காவின் முஸ்தபா அங்காடியை நினைவூட்டும் தலைப்பில் ஆங்கிலமும் தமிழும் கலந்த பாடலை வெளியிட்டு, அடுத்த ஆண்டு டெஃப் ஜாம் நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிரிவில் சேர்ந்தார். இந்த நாட்டில் ராப்பின் மவுசு எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு இன்னொரு சான்று: 2007இல் ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் மூத்த அதிகாரிகளே தங்கள் பணிகளை ராப்பாகப் பாடிக் காணொளி வெளியிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. இருந்தாலும், செத்த இசைவகையை எந்த அரசு அலுவலகமும் விளம்பரத்துக்கு எடுக்காது.

பயிலரங்கில் கண்டவை

பதினோரு பேர் பதிந்தார்கள். உயர்நிலை மூன்றில் படிப்பவர் முதல் பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்துத் தேசிய சேவைக்குக் காத்திருப்பவர் வரை இருந்தனர், நால்வர் பெண்கள். கடைசிச் சனிக்கிழமைவரை வந்தவர் அறுவர். வராமல் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விடுமுறையில் பகுதிநேர வேலைக்குப் போகாத பிள்ளை இங்கே அரிது.

முதல் நாள் ஒவ்வொருவரையும் கைப்பேசியைத் திறந்து, அந்த வாரம் அதிகம் கேட்ட ஐந்து பாடல்களைப் படிக்கச் சொன்னேன். பிறகு, அவற்றில் எவை ஹிப் ஹாப் என்று கேட்டேன். பெரும்பாலோர் ஒன்றுமில்லை என்றார்கள், அல்லது ஓர் அமெரிக்கப் பாடலைக் காட்டினார்கள். பட்டியலையோ திரைப்பாடல்கள் நிறைத்திருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் நாயகனின் அறிமுகப் பாடல்கள். எண்ணூற்றெட்டு (808) எனப்படும் ரோலண்ட் மின்னணு மேளக்கருவியின் வழிவந்த அடிநாத முழக்கம், விரைந்து துடிக்கும் ஹை-ஹாட் தாளத்தட்டு, நடுவில் எட்டு வரி ராப் என ஹிப் ஹாப்பின் உறுப்புகள் அத்தனையும் அவற்றில் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. குழம்பில் கரைந்த புளியைத் தனியே எடுத்துக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? கேட்கப்படும் அளவை வைத்துப் பார்த்தால் இந்தப் பதினொருவரின் வாழ்வில் ஹிப் ஹாப் இதுவரை இல்லாத அளவுக்குச் செழித்திருந்தது. ஆனால் ராப் வரி ஒன்றையாவது முன்பு எழுதியிருந்தவர்கள் இருவர்தாம், அதுவும் ஆங்கிலத்தில்.

இரண்டாம் வாரம் தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னபோது இன்னொன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ எல்லாரும் ஒரே தவற்றைச் செய்தார்கள்:

காலையில எழுந்தேன்
கண்ணாடிய பார்த்தேன்
பஸ்ஸுக்கு நின்னேன்
பாட்டு ஒண்ணு கேட்டேன்

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், இறுதி ஓசை ஒத்துப்போகும் இயைபு உழைக்காமலே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ராப் எழுதுபவர் வரியின் முடிவில் பொருந்தும் சொல்லைத் தேடி அலைகிறார். அந்த அலைச்சலே அவரை எதிர்பாராத இடங்களுக்குக் கொண்டுபோகிறது. தமிழில் 'ஏன்' விகுதி இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்குக் கூட்டம் தலையாட்டாது. ஆகவே முடிவை விட்டுவிட்டுத் தொடக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் பள்ளியில் தேர்வுக்காகப் படித்து மறந்த எதுகையும் மோனையும் அங்கேதான் இருக்கின்றன.

இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்வதற்கு வாசகர் பொறுக்க வேண்டும், ஏனெனில் பயிலரங்கு திசைமாறியது இங்கேதான். ராப்பின் ஒரு வரிக்கு நான்கு தட்டு. ஒன்றிலும் மூன்றிலும் பெரும்பாலும் கிக் எனப்படும் கனத்த அடி, இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் எனப்படும் வெடிப்பான அடி. தமிழ் யாப்பில் மிகப் பரவலான அடி நாற்சீரடி, அதாவது அளவடி. அதில் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைந்தால் பொழிப்பு மோனை என்பார்கள். தட்டையும் சீரையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், பொழிப்பு மோனை கிக்கின்மேல் சரியாக வந்து உட்காருகிறது. இதை வெண்பலகையில் வரைந்து காட்டியதும், அதுவரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்த உயர்நிலை நான்கு மாணவி ஒருவர், "இத ஏன் சார் ஸ்கூல்ல சொல்லல?" என்றார். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது இது:

பத்தாவது மாடி, பாட்டியோட வீடு
சத்தமே இல்லாத சன்னலோரக் கூடு
அத்தையோட சண்டை, அம்மாவோட மௌனம்
மொத்தமும் என் நோட்டுல, மூணு நிமிஷப் பாட்டு

பத், சத், அத், மொத் என்று நான்கு வரியிலும் எதுகை சரியாக விழுகிறது. பத்தாவது-பாட்டி, சத்தமே-சன்னல், அத்தை-அம்மா, மொத்தமும்-மூணு எனப் பொழிப்பு மோனையும் நான்கு வரியிலும் நிற்கிறது. 'த்' என்ற வல்லின ஒற்றில் நாக்கு பல்லில் ஒட்டி, காற்று ஒரு கணம் அடைபடுகிறது. கிக் விழுந்த உடனே வரும் அந்தச் சின்ன மௌனமே இன்னொரு மேளமாக ஒலிக்கிறது. அருணகிரிநாதர் 'முத்தைத்தரு' என்று தொடங்கிச் செய்ததும் இந்த ஒற்றுகளை அடுக்கும் வேலைதான். கடைசி இரண்டு வரியில் மௌனம், பாட்டு என்று இயைபு உடைவதை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டேன். இல்லையாம், சொல் கிடைக்கவில்லையாம். திருத்தாதே என்றேன்.

அந்த வரிகளில் இருந்த பாட்டியிடம் மட்டுமே தாம் வீட்டில் தமிழ் பேசுவதாக அவர் சொன்னார். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு; பத்தாண்டுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா நடக்கிறது, பேச்சுப்போட்டிகள் நடக்கின்றன, பரிசுகள் வழங்கப்படுகின்றன. அவை எல்லாம் தேவைதான். ஆனால் அங்கே பிள்ளைகள் பேசுவது பெரும்பாலும் பெரியவர்கள் எழுதிக்கொடுத்த தமிழ். அத்தையோடு நடந்த சண்டையை எந்தப் பேச்சுப்போட்டியிலும் சொல்ல முடியாது. ராப்பின் உயிர்நாடி என்று நான் கருதுவது இதைத்தான்: சொந்த வீட்டு விஷயத்தைச் சொந்தப் பேச்சுமொழியில், ஊரறியச் சொல்லும் உரிமை. பயிலரங்கின் அறுவரில் நால்வர் அந்த உரிமையைக் கையில் எடுத்தார்கள். மீதி இருவர் திரைநாயகர்களைப் போலத் தம் வீரத்தையே பாடினார்கள். எழுதுவதில் தேர்ச்சி இருந்தது, சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

மேடையும் கீழ்த்தளமும்

நிறைவு நாளில் அக்கம்பக்கத்தார் முன்னிலையில் ஒரு சிறு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாட்டாளர்கள், பாடப்போகும் வரிகள் முழுவதையும் ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் கேட்டார்கள். அவர்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிந்தது. இன, சமய உணர்வுகளைத் தொடும் சொல்லுக்கு இந்த நாட்டில் சட்டம் கடுமையானது. 2023இல் ராப் பாடகர் ஒருவர் அத்தகைய குற்றச்சாட்டுகளில் ஆறு வாரச் சிறைத்தண்டனை பெற்றதை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் ஃப்ரீஸ்டைல் என்பது நின்ற இடத்தில் பிறக்கும் வரி. அதை ஒரு வாரம் முன்னதாக எழுதிக் கொடுப்பது எப்படி? நிகழ்ச்சி நிரலில் இருந்த பத்து நிமிட ஃப்ரீஸ்டைல் பகுதியை நீக்க நேர்ந்தது. 'அத்தையோட சண்டை' என்ற வரியைப் பற்றியும், குடும்பத்தைக் குறை சொல்வதாக இருக்கிறதே, மாற்றமுடியுமா என்று ஒருவர் கேட்டார். அந்த மாணவி மறுத்துவிட்டார். நானும் மாற்றச் சொல்லவில்லை. பாடல் அப்படியே மேடையேறியது.

கைத்தட்டல் கிடைத்தது. பெற்றோர் காணொளி எடுத்தார்கள். நேர்த்தியாகவே நடந்தது. என்றாலும் ஒப்பிக்கும் போட்டியின் வாடை அதில் கொஞ்சம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்து, அருகிலிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் மைலோ டின்னோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஃப்ரீஸ்டைல் தானாகத் தொடங்கியது. ஒருவர் கல்மேசையைத் தட்டினார், இன்னொருவர் வாயால் மேளம் கொடுத்தார், வட்டமாக நின்று ஆளுக்கு நான்கு வரி. சைஃபர் என்று இதற்குப் பெயர்; அதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன். மேடைக்குக் கொண்டுவந்த வீரவசனத்தை விட்டுவிட்டு, அந்த இருவரில் ஒருவர் தம் அப்பாவின் இரவுப்பணியைப் பற்றிப் பாடியது அங்கேதான். வரி தடுமாறியபோது மற்றவர்கள் 'ஓய்' என்று சத்தம் கொடுத்து இடைவெளியை நிரப்பினார்கள். மேல்மாடியிலிருந்து ஒரு சீன முதியவர் எட்டிப்பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம், சற்று நேரம் கேட்டுவிட்டு உள்ளே போனார். இரவு அமைதி நேரம் நெருங்கியதால் கலைந்தோம்.

குறை எங்கே

நலமாயிருப்பதை மட்டும் சொன்னால் ஆய்வு ஆகாது. பதினோரு பேரில் ஒருவர்கூட டிஜேயாகவோ பீட் அமைப்பவராகவோ வர விரும்பவில்லை. எல்லாருக்கும் மைக்தான் வேண்டியிருந்தது. அவர்கள் பயன்படுத்திய மேளங்கள் அனைத்தும் யூடியூபில் இலவசமாக எடுத்தவை, எங்கோ யாரோ வேறொரு பாடகரின் சாயலில் செய்து வைத்தவை. ஹெர்க்கின் கையில் இருந்த வேலை, அதாவது கேட்ட ஒலியிலிருந்து தேவையான விநாடியை வெட்டியெடுக்கும் வேலை, இங்கே யாரிடமும் இல்லை. மலேசியாவில் 'வல்லவன்' தொகுப்புக்கு முன் 1990களிலேயே, யோகி பி-யும் இடம்பெற்ற பொயட்டிக் அம்மோ போன்ற குழு இருந்தது. பாடுபவர், இசையமைப்பவர், பதிவு செய்பவர் என ஒரு வட்டமே வளர்ந்தது. சிங்கப்பூர்த் தமிழில் தனித்தனித் திறமைகள் முளைக்கின்றன. அவற்றைச் சுற்றி வட்டம் உருவாகவில்லை. அதனால் ஒருவர் வெற்றி பெற்றதும் ஆங்கிலத்துக்கோ சென்னைத் திரைத்துறைக்கோ போய்விடுகிறார், அவருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய இடம் வெறுமையாகிறது. அவர்களைத் தவறு சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டரை விழுக்காட்டுச் சந்தையில் வாடகை கட்ட முடியாது.

வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்ட இளைஞருக்கு நான் கடைசிவரை பதில் எழுதவில்லை. அடுத்து வந்த தைப்பூசத்தன்று அவர் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை ஊர்வலத்தோடு நடந்திருக்கிறார். 1973இல் வந்த தடை 2016இல் தளர்த்தப்பட்டு, வழியில் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தபின், அங்கே உறுமி ஒலிக்கிறது. அதைக் கைப்பேசியில் நாற்பது விநாடி பதிந்துகொண்டு வந்தவர், மூன்று இரவு உட்கார்ந்து அதில் நான்கு விநாடியை மட்டும் வெட்டிச் சுழலவிட்டு, எனக்கு அனுப்பினார். பதிவில் பேருந்து ஒன்று பிரேக் பிடிக்கும் ஓசையும் சிக்கியிருந்தது. அதை நீக்காமல் ஸ்னேருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பத்தாவது மாடிப் பெண்ணுக்கும் அதே கோப்பு போயிருக்கிறது. அவர் இரண்டு பகுதி எழுதி முடித்துவிட்டார். மூன்றாவதில் 'உறுமி'க்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறாராம், 'பொறுமை' வேண்டாமாம், எல்லாரும் அதைத்தான் போடுவார்களாம்.